பிளாஸ்திரி ஒட்டிய கட்டம்

மேற்கு மாம்பலம், சென்னை
8.2.1999

அன்புள்ள ஃபிளோரா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் அதுவே எனக்குப் பெரிய காரியம். கிழிப்பதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

எனக்கு ஓர் உதவி வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, அதுவும் உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன் என்பது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் ஒரு சி.டி. வரும். அதில் பி.எச்.பி. என்று ஒரு புதிய மொழி இருக்கிறது. நாம் காலேஜில் எழுதிய இணையப் பக்கங்கள் எழுதி வைத்தது எழுதி வைத்தபடியே நிற்கும் இல்லையா? இது அப்படி இல்லை. யாராவது பக்கத்தைக் கேட்டால், கேட்ட அந்த நிமிஷத்தில் கணக்குப் பார்த்து, புதிதாகத் தயார் பண்ணிக் கொடுக்கும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி சர்வர் வைத்திருப்பார்கள். சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரிலேயே, விண்டோஸிலேயே இதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் முதலாளி அப்பாத்துரை சாரின் ஆசை. தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதிக்காரர் இருக்கிறார். அவருடைய ஆபீசிலேயே, மார்ச் 22 அன்று, அவருடைய மீன் இருப்புக் கணக்கை வைத்துச் செய்து காட்டுவதாக சார் வாக்குக் கொடுத்துவிட்டார். பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

எனக்கு வரவில்லை, ஃபிளோரா. மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். போன மாதம்தான் வேலை இல்லை என்று இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இது நடக்காவிட்டால் அடுத்தது நான்தான். பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடம் கேட்கவும் முடியாது. ஏன் முடியாது என்று உனக்குத் தெரியும்.

வித்யாலக்ஷ்மி


உவரி
13.2.99

வித்யாலக்ஷ்மிக்கு,

சி.டி. வந்தது. பெட்டி உடையவில்லை.

ஏன் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும்தான். ஆனாலும் நீ அதை உன் கையால் எழுதவில்லை பார், அதனால் நான் எழுதுகிறேன். திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்து போகிற டவுண் பஸ் எல்லாவற்றுக்கும் நேரம் சொல்கிற ஒரு புரோகிராம். ஃபாக்ஸ்ப்ரோவில் மூவாயிரத்துச் சொச்சம் வரி. ஒவ்வொரு வரியும் நான் அடித்தது. ரிப்போர்ட் டைப் பண்ணி, பைண்டிங் போட்டது நீ. நம் இரண்டு பேருக்கும் இருந்த சென்னை இன்டர்வியூவுக்கு ரயில் ஏற வேண்டிய அன்றைக்கு எங்க அப்பா கடலுக்குப் போய் இரண்டு நாளாகக் கரை திரும்பவில்லை. நான் கடற்கரையில் நின்றேன். ரிப்போர்ட்டை உன் கையில் கொடுத்து, "நீ போய்ட்டு வா"ன்னு நான்தான் அனுப்பினேன்.

அப்பா வந்து சேர்ந்த பிறகு டவுணில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா ருக்கு மாமி அல்வா வைத்துக் கொடுத்துவிட்டு, "எங்காத்துக் குழந்தை தனியாப் பண்ணினது, பாரும்மா" என்று ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்கள். முகப்பில் உன் பெயர் மட்டும் இருந்தது. மாமி பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அல்வாவை வாயில் வைக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் கட்டுமரத்தைக் கரைக்கு இழுக்க ஒரு கை கொடுத்தவனுக்கும் இரண்டு மீன் கொடுக்காமல் யாரும் போக மாட்டார்கள். நீ கூடையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

சி.டி.யைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். போன் பண்ண வேண்டாம். எடுக்க மாட்டேன்.

ஃபிளோரா

பின்குறிப்பு: திருப்பி அனுப்புவதற்கு முன்னால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பேன். அது உனக்காக இல்லை.


சென்னை
17.2.99

அன்புள்ள ஃபிளோரா,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. மறுக்கவில்லை. "இதை ஒரே ஆள் செய்ததா, கூட்டாகச் செய்ததா" என்று கேட்பார்கள், கூட்டு என்றால் மதிப்பெண் குறைப்பார்கள் என்று ஒருத்தன் ரயிலில் சொன்னான். எழும்பூரில் இறங்கி ஒரு ஜாப் டைப்பிங் கடையில் முகப்புத் தாளை மாற்றினேன். பயம்தான், வேறு காரணம் இல்லை. அதற்குப் பிறகு உனக்கு மூன்று கடிதம் போட்டேன். முதல் கடிதத்தில் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன். நீ பதிலே போடவில்லை. விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

நீ உள்ளே பார்ப்பேன் என்று எழுதியிருந்ததால் நான் இதுவரை செய்ததைச் சொல்கிறேன். சி.டி.யில் அப்பாச்சி என்று ஒரு சர்வர் இருக்கிறது. பக்கத்தைக் கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. அதைப் போட்டேன். பி.எச்.பி.யை சி டிரைவில் தனி ஃபோல்டரில் அவிழ்த்தேன். சர்வரின் அமைப்புக் கோப்பில் மூன்று வரி சேர்த்தேன். பிறகு இன்றைய தேதியைச் சொல்லும்படி ஒரு சின்னப் பக்கம் எழுதி, இணையப் பக்கம் காட்டுகிற நெட்ஸ்கேப்பில் திறந்தேன். தேதி வரவில்லை. நான் எழுதிய வரிகளே அப்படியே வந்து நிற்கின்றன. எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அதேதான்.

இன்று விபூதிப் புதன் என்று காலண்டரில் போட்டிருக்கிறது. நீ கோயிலுக்குப் போயிருப்பாய்.

வித்யா


உவரி
24.2.99

வித்யா,

சி.டி. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் கூட்டத்தில் தபாலாபீசுக்குள் நுழைய முடியவில்லை என்று வைத்துக்கொள்.

நான் வேலை பார்க்கிற இடத்தை நீ பார்த்ததில்லை. திசையன்விளையில் அம்மையப்பன் அண்ணாச்சி மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கிறார். அதற்கு மாடியில் ஐந்து கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் வகுப்பு என்று ஒரு போர்டு, அதற்குள் நான். நான்கு பழசு, ஒன்றுதான் பென்டியம். அதில் விண்டோஸ் 98-உம் போன் லைனில் இன்டர்நெட் எடுக்கிற ஒரு மோடமும் இருக்கின்றன. அந்த மோடம் வந்த இரண்டாம் நாள், ஒரு மாணவி விளையாட்டாக நெட்ஸ்கேப்பில் அட்ரஸ் எழுதுகிற கட்டத்தில் எதையோ அடித்துவிட்டாள். மோடம் தானாகவே திருநெல்வேலிக்கு எஸ்.டி.டி. போட்டு, மத்தியானம் முழுக்க லைனில் நின்றுவிட்டது. பில் வந்த அன்று அண்ணாச்சி கீழே கடையிலிருந்து ஒரு பிளாஸ்திரிச் சுருளை எடுத்து வந்தார். திரையில் அந்தக் கட்டம் வருகிற இடத்தில் நீளமாக ஒட்டிவிட்டு, "இதுக்கு மேல யாராவது கை வச்சா கைக்குத்தான் பிளாஸ்திரி" என்றார். இன்றுவரை அந்தப் பிளாஸ்திரி அங்கேயே இருக்கிறது. நாங்கள் எந்தப் பக்கத்தையும் கோப்பாகத்தான் திறப்போம்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் உன் சி.டி.யைப் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன் ஏட்டி, அன்றைக்குச் சாப்பிடவே மறந்துவிட்டேன். அப்பாச்சி ஓடும்போது கறுப்பாக ஒரு சின்னத் திரை வந்து சும்மா நிற்கிறது. அது நின்றால்தான் சர்வர் ஓடுகிறது என்று அர்த்தம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம். மறுபடி ஓடவிட்டேன். மறுபடி காணோம். அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அண்ணாச்சி மேலே வரும்போதெல்லாம் அதை மூடிவிட்டுப் போகிறார். "கறுப்பா என்னமோ சும்மா நிக்குதுன்னு அமத்திட்டேன் பிள்ள, கரண்டு வீணால்லா போவுது?"

அவரைச் சமாளித்தாகிவிட்டது. ஆனால் எனக்கும் உனக்கு வந்ததேதான் வருகிறது. எழுதினது எழுதினபடி நிற்கிறது. நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. அதை மட்டும் நம்பு.

நடுவில் இன்னொன்று பார்த்தேன். அந்த மொழியை எழுதியவர்களின் பெயர்களை ஒரு கோப்பில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். யார் எந்தப் பகுதியைச் செய்தார், யார் எந்தக் கோளாறைச் சரிபண்ணினார் என்று எல்லாம் இருக்கிறது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள். ஒருவர் முகம் ஒருவர் பார்த்திருப்பார்களோ என்னவோ. விலையும் கேட்கவில்லை, பெயரையும் விடவில்லை. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்தேன் என்று உனக்கே தெரியும்.

ஃபிளோரா


சென்னை
1.3.99

அன்புள்ள ஃபிளோரா,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அண்ணாச்சி கறுப்புத் திரையை மூடின இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெயர்கள் வரிசையைப் பற்றி எழுதின இடத்தில் அழுதேன். படி ஏறினவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

"நீ தப்புப் பண்ணவில்லை" என்று நீ எழுதியதை மட்டும் நான்கு தரம் படித்தேன். உன்னிடம் எனக்கு எப்போதும் பிடித்தது அதுதான். காலேஜ் லேபில் புரோகிராம் ஓடாவிட்டால் நான் உடனே "ஐயோ, நான்தான் என்னமோ பண்ணிட்டேன்" என்பேன். நீ கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஏன் மாட்டேங்குத, சொல்லு" என்பாய். அதுவும் சொல்லிவிடும். அந்த நேரத்தில் உன் முகத்தில் கோபமே இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எங்கள் ஆபீசிலும் உங்கள் பிளாஸ்திரிக் கதைதான். இன்டர்நெட் சார் அறையில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டரில் மட்டும். மற்றவற்றில் அட்ரஸ் கட்டத்தில் அடித்தால் எதையோ தேடிக்கொண்டு உறைந்துபோய் நிற்கும் என்று யாரும் தொடுவதில்லை.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

வித்யா


உவரி
6.3.99

ஏட்டி வித்யா,

ஓடிவிட்டது!

நேற்றுச் சாயங்காலம் 5.40-க்கு. திரையில் தேதி வந்தது. பக்கத்தைத் திரும்பக் கேட்டால் நேரமும் மாறி வந்தது. நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி கீழேயிருந்து கையில் இருமல் மருந்து பாட்டிலோடு ஓடி வந்துவிட்டார். திரையைப் பார்த்துவிட்டு, "தேதி காலண்டர்லயே இருக்கே பிள்ள" என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது? காலண்டரில் இருக்கிறது அச்சடித்த தேதி. இது நான் கேட்டதும் எனக்காகப் பார்த்துச் சொன்ன தேதி.

முறையைச் சொல்கிறேன், அப்படியே செய். அப்பாச்சியை முதலில் போடு. பி.எச்.பி.யை அவிழ்த்த பிறகு, அதில் இருக்கிற அமைப்புக் கோப்பைப் பெயர் மாற்றி விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒரு பிரதி வை. இதை நீ விட்டிருப்பாய் என்று நினைக்கிறேன், நானும் முதலில் விட்டேன். சர்வரின் கோப்பில் சேர்க்க வேண்டிய மூன்று வரிகளைத் தனித்தாளில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது வரிதான் இந்த வகைப் பக்கம் வந்தால் பி.எச்.பி.யிடம் கொடு என்று சர்வருக்குச் சொல்கிற வரி. நீ எழுதுகிற பக்கத்தைக் கண்ட இடத்தில் வைக்காமல், சர்வர் பார்க்கிற ஃபோல்டரில் வை. சர்வரை ஒருமுறை நிறுத்தி ஓட விடு. கறுப்புத் திரையை யாரும் மூடாமல் பார்த்துக்கொள்.

இதற்குப் பிறகு ஒரு படி இருக்கிறது. கடைசிப் படி. அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். எழுதின வரிகள்தான் வந்து நிற்கும்.

அதை நான் எழுதப் போவதில்லை.

தூத்துக்குடியில் நீ அதைச் செய்து காட்டுவாய். எல்லாரும் கை தட்டுவார்கள். உன் சார், "எங்க வித்யா தனியாப் பண்ணினது" என்பார். இன்னொரு தடவை அதை என்னால் தாங்க முடியாது. என் பெயர் உன் ஆபீசில் யாருக்காவது தெரியும் என்று உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. அன்றைக்குக் கடைசிப் படி வரும்.

ஃபிளோரா


சென்னை
11.3.99

ஃபிளோரா,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். எழுதின வரிகள்தான் வந்து நிற்கின்றன.

பதினோரு நாள் இருக்கிறது. என் வேலை போகும் என்று தெரிந்தே கதவைச் சாத்துகிறாய். நான் சாரிடம் சொன்னால் அன்றைக்கே போகும், சொல்லாவிட்டால் 22-ந் தேதி போகும். இதில் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறாய்? எனக்கு உன் மேல் கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதால் இன்னும் அதிகமாக வருகிறது.

வித்யா


சென்னை
15.3.99

அன்புள்ள ஃபிளோரா,

போன கடிதத்தில் கத்தியதற்கு மன்னித்துவிடு. தபால் பெட்டியில் போட்டதுமே கையை உள்ளே விட்டு எடுக்கலாமா என்று பார்த்தேன்.

இன்று காலை அப்பாத்துரை சார் அறைக்குள் போனேன். டவுண் பஸ் புரோகிராம் என்னுடையது இல்லை, ஃபிளோரா என்கிற என் தோழி செய்தது, முகப்புத் தாளை மாற்றினது நான் என்று சொன்னேன். பி.எச்.பி.யும் என்னால் முடியவில்லை, அவள்தான் ஓட்டியிருக்கிறாள், கடைசிப் படி எனக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் வார்த்தை வராது என்று பயம்.

சார் நாசரேத்துக்காரர். கோபம் வந்தால்தான் ஊர்ப்பேச்சு வரும். பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரெண்டு வருசமா என்னைய முட்டாளாக்கி வச்சிருக்க, அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். வெளியே போகச் சொன்னார். மத்தியானம் வரைக்கும் என் சீட்டில் உட்கார்ந்து டிராயரைக் காலி பண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அவரே வந்து நின்றார். "அந்தப் பிள்ளை எங்கன இருக்கு?" "உவரி, சார்." "உவரியில இருந்துக்கிட்டா இத ஓட்டுச்சு? யாருகிட்ட கேட்டுச்சாம்?" "யாரிடமும் கேட்கவில்லை சார், கேட்க அங்கே ஆள் இல்லை" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. வேலை போகிற நேரத்தில் ஒருத்திக்குப் பெருமை வருமா? எனக்கு வந்தது.

22-ந் தேதி காலை பத்து மணிக்குத் தூத்துக்குடிக்கு உன்னை வரச் சொல்கிறார். விலாசம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி இன்னும் ஒன்றும் முடிவு சொல்லவில்லை.

கடைசிப் படியை எனக்கு எழுத வேண்டாம். நீயே வந்து செய்.

வித்யா


உவரி
18.3.99

வித்யா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. தபால் எடுக்க ஆள் வந்துவிடும், அதனால் நான்கே வரி.

வருகிறேன். அப்பாவும் கூட வருகிறார். அண்ணாச்சி ஒருநாள் லீவு கொடுத்துவிட்டார்.

நீயும் நானும் ஒரே நாளில் கடிதம் போட்டிருக்கிறோம். 15-ந் தேதி நான் போட்டது நாளை, நாளை மறுநாளுக்குள் உனக்கு வரும்.

ஃபிளோரா


சென்னை
25.3.99

என் அன்புள்ள ஃபிளோரா,

சென்னைக்குத் திரும்பியதிலிருந்து யாரைப் பார்த்தாலும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீ பார்க்காததை, அதாவது உன்னை, உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்த ஏற்றுமதி ஆபீஸ் வாசலில் நீ உன் அப்பா பர்னபாஸோடு வந்து நின்றாய். சி.டி.யைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதன்மேல் துண்டைச் சுற்றிப் பிடித்திருந்தாய். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்புதான். நம் சண்டையை வாசலிலேயே விட்டுவிட்டு நேராக உள்ளே போய், "எந்தக் கம்ப்யூட்டர்?" என்று கேட்டாய். வரவேற்பில் டைப் அடிக்கிற பெண்ணின் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். நாற்பது நிமிஷம். ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லை நீ. நடுவில் ஒருமுறை கரண்டு போய் வந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தாய், முகம் மாறவே இல்லை. எங்கள் ஆபீசில் எழுதிக் கொடுத்த மீன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "வஞ்சிரமும் நெய்மீனும் ஒண்ணுதான், ரெண்டா எழுதியிருக்கீங்க" என்று சொல்லி ஒன்றை அடித்தாய். அங்கேயே ஏற்றுமதிக்காரர் நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு நீ செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எழுந்து போய் மோடத்திலிருந்து போன் வயரைப் பிடுங்கிக் கீழே போட்டாய். "நெட் இல்லாம எப்படிம்மா?" என்று அவர் பதறினார். நீ நெட்ஸ்கேப்பைத் திறந்து, நாம் இரண்டு பேரும் இத்தனை நாள் தொடவே பயந்த அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரி அடித்தாய். அன்றைய மீன் இருப்போடு பக்கம் வந்தது. அவர் கணக்கப்பிள்ளை கம்ப்யூட்டரில் இருந்த இருப்புக் கோப்பில் பத்துப் பெட்டி இறாலைக் கூட்டி எழுதினார். திரும்பக் கேட்டாய், பக்கத்திலும் கூடியிருந்தது. அவ்வளவுதானா! நான் இரண்டு மாதமாக அந்தக் கட்டத்துக்குக் கீழேயே உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அப்பாத்துரை சார் நேராக உன் அப்பாவிடம் போய், "அண்ணாச்சி, உங்க மகளைப் படிக்க வச்சது வீண் போகல" என்றார். உன் அப்பா, "நான் எங்கய்யா படிக்க வச்சேன், அதுவாப் படிச்சுது" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உன்னுடைய 15-ந் தேதிக் கடிதம் எனக்குச் சனிக்கிழமையே வந்துவிட்டது. கனமாக இருந்தது. கடைசிப் படி உள்ளே இருக்கிறது என்று தெரிந்தது. பிரித்தால் நீ வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அங்கே கையை நீட்டிவிடுவேனோ என்று என்னையே நம்பவில்லை. அதனால்தான் பஸ் ஸ்டாண்டில் பிரிக்காமல் உன்னிடமே கொடுத்துவிட்டேன். நீ ஏன் அதை வாங்கிக்கொண்டு அப்படி அழுதாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வித்யா


உவரி
5.4.99, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள்

என் வித்யாவுக்கு,

நேற்றுப் பூசை முடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். இன்றுதான் எழுத முடிந்தது.

உன் சார் ஜூனில் வேலைக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறார். உன்னையும் அனுப்பவில்லையாம். உனக்காக நான் சிபாரிசு பண்ணினேன் என்று நினைத்துவிடாதே, பண்ணவில்லை. "பொய்யை ரெண்டு வருசம் சுமந்தவ, அவளாவே வந்து இறக்கி வச்சா. அவளை அனுப்பிட்டு நான் யாரை வச்சிக்கிட?" என்று அவரே எழுதியிருக்கிறார். தூத்துக்குடியில் ஓட்டிய அந்த இணையப் பக்கத்துக்குக் கீழே இரண்டு பெயர் போட்டேன். என் பெயர் முதலில். அதில் விட்டுக்கொடுப்பது இல்லை. உன் பெயர் இரண்டாவது. சி.டி.யைத் தேடிப் பிடித்து அனுப்பியது நீதானே.

உன் வேலை நிற்குமா போகுமா என்றே தெரியாத அன்று, கண்ணெதிரே கிடந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ள உன்னால் முடிந்திருக்கிறது. என்னால் முடிந்திருக்காது. இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் யோசித்தேன்: உன்னை எனக்கு மறுபடி பிடித்துப்போனது ஓட்டிக் காட்டிய அந்த ஆபீசில் இல்லை, பஸ் ஸ்டாண்டில்.

நீ திருப்பிக் கொடுத்த கடிதத்தை அதே உறையோடு இதற்குள் வைத்திருக்கிறேன். ஏன் அழுதேன் என்று கேட்டாயே, அதில் இருக்கிறது. இப்போது பிரி.

ஃபிளோரா


உவரி
15.3.99

ஏட்டி வித்யா,

கடைசிப் படி இதுதான். மோடத்தில் இருக்கிற போன் வயரைப் பிடுங்கிவிடு, அப்போது எங்கும் டயல் ஆகாது. நெட்ஸ்கேப்பில் கோப்பைத் திறக்காதே. அட்ரஸ் கட்டத்தில் இதை அடி:

http://localhost/thethi.php3

லோக்கல்ஹோஸ்ட் என்றால் இந்தக் கம்ப்யூட்டரேதான். வெளியே எங்கும் போகாது.

எனக்கு இது கடற்கரையில் கிடைத்தது. பக்கம் ஓடிய அன்று காலை மீன் வாங்க வந்த தாணுமாலையன், ஏலம் கூறுவதற்கு முன்னாலேயே கரைக்கு வந்து நின்ற எங்கள் வள்ளத்துக்குள் கையை விட்டு ஒரு மீனைத் தூக்கிவிட்டார். ஏலம் கூறுகிற சித்தப்பா பிடித்துக்கொண்டார். "வள்ளத்துக்குள்ள கைய விடாதீரும் வே! எங்கிட்ட கேளும், தாரேன்!" நின்ற இடத்தில் எனக்கு உறைத்தது. நாம் இரண்டு பேரும் வள்ளத்துக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறோம். சர்வரிடம் கேட்கவே இல்லை. கோப்பை நேராகத் திறந்தால் எழுதினதுதான் வரும். கேட்டால்தான் அது தயார் பண்ணிக் கொடுக்கும். சாயங்காலம் போய்ப் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டுக் கேட்டேன். கொடுத்தது.

உன் 11-ந் தேதிக் கடிதத்துக்கு நான் கோபமாகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் பண்ணினேன். 97-இல் நீ போட்ட மூன்று கடிதத்தையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். வித்யா, நான் அவற்றைப் பிரிக்கவே இல்லை. இத்தனை நாள் உன்னிடம் இதைச் சொல்லவும் இல்லை. உன் கையெழுத்தைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது, உள்ளே போட்டுப் பூட்டிவிட்டேன்.

இன்றைக்குப் பிரித்தேன். முதல் கடிதத்துக்குள் ஒரு முகப்புத் தாள் மடித்து வைத்திருந்தாய். புதிதாக டைப் அடித்தது. முதலில் என் பெயர், அடுத்து உன் பெயர். "தப்புப் பண்ணிட்டேன் ஃபிளோரா. இதை நாளைக்கே ஆபீசில் கொடுத்து உண்மையைச் சொல்லட்டுமா? சொன்னால் வேலை போகும், ஆனாலும் சொல்கிறேன். நீ கூட இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது, எனக்கு அந்தத் தைரியம் போதும்" என்று எழுதியிருந்தாய். நீ வேலையில் சேர்ந்த ஏழாம் நாள் எழுதியது அது.

அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. என் பதில் வராவிட்டாலும் நீ சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ கேட்டிருக்கிறாய். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறாய். பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தது நான்தான்.

உன் சாரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். தூத்துக்குடிக்குப் போய் நன்றாகச் செய்து காட்டு. என் பெயர் வேண்டாம். நீ அன்று கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

நான் கூட இருக்கிறேன்.

ஃபிளோரா